புழு போகாத மண்

அத்தியாயம் 17

போன வாரம் லுப்னாவை மொட்டை மாடியில், ஓர் ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருக்கும்போது விட்டுவிட்டு வந்தோம். பாவம், அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. மட்டாஞ்சேரியில் இந்தச் சந்து முழுக்கத் தமிழ் பேசும் குடும்பங்கள். இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் வாயனசாலை ஹாலில் தோட்டப் பட்டறை நடக்கிறது. வாயனசாலை என்றால் நூலகம்தான். ஆனால் அங்கே புத்தகத்தைவிடக் கேரம் போர்டுக்குத்தான் மவுசு. களமசேரி பல்கலைக்கழகத்திலிருந்து அம்பிளி என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்து, பையில் மண் நிரப்பிக் கீரை வளர்க்கச் சொல்லித் தருகிறாள். வளர்த்தால் மட்டும் போதாது. எத்தனை இலை, என்ன பூச்சி, எவ்வளவு தண்ணீர் என்று வீட்டுப் பெண்களே பார்த்துப் போனில் அனுப்ப வேண்டும். மக்கள் அறிவியல் என்று அதற்குப் பெயர். இந்தச் சந்துக்கு லீடர் நம் லுப்னா.

மண் கொண்டுவந்தவர் அவளுடைய மாமனார் முகைதீன் பிச்சை. கொச்சங்காடியில் அவர் ஆயுசு முழுக்க மேஸ்திரியாக இருந்த பழைய பாண்டிகசாலையை, அதாவது மிளகுக் கிடங்கை, ஓட்டல் கட்டுவதற்காக இடித்தார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே எந்தக் கட்டடம் இடிந்தாலும் அந்த மண்ணைக் கொண்டுவந்து தங்கள் முற்றத்தை மேடாக்கிக்கொள்வார்கள். காயல் தண்ணீர் வாசற்படி ஏறுகிற ஊரில் மண் என்றால் பொன். அதிலும் தலைமுறை தலைமுறையாக மிளகும் சுக்கும் சிந்திய தரை என்றால் கேட்க வேண்டுமா? கறுப்பாக, கமகமவென்று இருந்த அதற்கு ‘மிளகு மண்’ என்று பெயர் வைத்துச் சந்தே கொண்டாடியது. தேங்காய் நாரும் சாணியும் கலந்து எல்லா வீட்டுப் பைகளிலும் அந்த மண்ணைத்தான் நிரப்பினார்கள்.

இன்று பட்டறையின் கடைசி நாள். கணக்குக் கெடக் கூடாதென்று இதுவரை ஒருவரும் ஓர் இலைகூடக் கிள்ளவில்லை. இன்றுதான் எல்லா வீட்டிலும் அறுவடை. மதியம் ஹாலில் கூட்டுச் சாப்பாடு. முகைதீன் பிச்சைக்குப் பொன்னாடை.

இந்த நல்ல நாளில்தான் லுப்னா மூடியைத் திறந்தாள்.

டப்பாவின் ஒரு பாதியில் மிளகு மண். மறுபாதியில் அடுத்த வீட்டு முனியாயி அக்காவின் தென்னை மரத்தடி மண். நடுவில் மண்புழுக்களை விட்டு இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், எது நல்ல மண் என்று புழுவே சொல்லிவிடும். அம்பிளி கற்றுத்தந்த சோதனை இது. புழு என்றதும் மற்ற பெண்கள் எல்லாம் ‘ஐயே’ என்று ஓடிவிட்டதால் லீடர் தலையில் விழுந்தது.

முதல் தடவை பார்த்தபோது, ஒரு புழுகூட மிளகு மண் பக்கம் போகவில்லை. மிளகின் காரமாக இருக்கும் என்று லுப்னா சமாதானம் செய்துகொண்டாள். பக்கத்தை மாற்றி வைத்துப் பார்த்தாள். அப்போதும் அப்படித்தான். மூன்றாவது தடவை அவளுக்கே ஒரு யோசனை தோன்றியது. சமையலறையிலிருந்து நல்ல மிளகை எடுத்து இடித்து, முனியாயி அக்கா வீட்டு மண்ணில் கலந்துவிட்டாள். இப்போது இரண்டு பக்கமும் காரம்தானே?

இன்று திறந்து பார்த்தால், புழுக்கள் எல்லாம் அந்த மிளகு இடித்த மண்ணில் போய் ஒடுங்கிக் கிடந்தன. மாமா கொண்டுவந்த மண்ணில் இரண்டே இரண்டு. இரண்டும் செத்துக் கிடந்தன.

காரம் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது.

“என்ன மோளே, இன்னிக்குமா புழுவைப் பார்த்துட்டிருக்கே?”

முகைதீன் பிச்சை இரண்டு கிளாஸ் சாயாவோடு மாடி ஏறி வந்தார். மருமகளுக்கு மாமனார் சாயா கொண்டுவந்து கொடுக்கிற வீடு மட்டாஞ்சேரியில் இது ஒன்றாகத்தான் இருக்கும். காலையிலேயே வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தாடியைக்கூடத் திருத்தியிருந்தார்.

கிடங்கு மூடிய பிறகு இந்த மனுஷன் நாலு வருஷம் மூலையில் உட்கார்ந்திருந்தார். பேச்சு குறைந்து போயிற்று. மண் வந்த பிறகுதான் மறுபடி ஆளானார். தெருவில் போனால் ‘மண்ணு மாமா’ என்று கூப்பிட்டு நிறுத்தினார்கள். லுப்னாவுக்கு அது எவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

“மாமா, அந்தப் பாண்டிகசாலையில மிளகு மட்டும்தானா வச்சிருந்தாங்க?”

“மிளகு, சுக்கு, பின்னே கொப்பரை.”

“கொப்பரைக்கு வண்டு வருமே?”

“விடுவமா?” கிழவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “மழைக்கு முன்னாடி வெள்ளைப் பொடி வரும், சாக்கு சாக்கா. அன்னிக்கு எல்லா ஜன்னலையும் அடைச்சுருவோம். மூக்குல துணியைக் கட்டிக்கிட்டுத் தரை முழுக்கத் தூவணும். அதுல என் கைக்கு ஈடு கிடையாது. முதலாளியே சொல்லுவாரு, பிச்சை தூவினா ஒரு எறும்பு தங்காதுன்னு. எலிகூட மல்லாந்து கிடக்கும். வருஷா வருஷம்...”

சொல்லிக்கொண்டே வந்தவர் டப்பாவைப் பார்த்தார். பேச்சு நின்றது.

சொல்ல வேண்டியதையெல்லாம் அவரே சொல்லிவிட்டார். சாயா அவர் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

“அது பூச்சிக்குப் போட்டதுதானே மோளே? மனுஷனுக்கு என்ன செய்யும்? அந்தத் தரையில படுத்துத் தூங்கினவன் நான். செத்தா போயிட்டேன்?”

“மாமா, மூக்குல துணி கட்டிக்கிட்டுத்தானே தூவினீங்க? இத சின்னப் புள்ளைங்க எல்லாம் தின்னப் போகுது. உங்க மக ஷெமீனா வேற ஏழு மாச வயித்தோட இருக்கா.”

“இல்லேங்கலையே.” அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “இன்னிக்கு ஒரு நாள் விடு. நாளைக்குக் காலையில நானே வீடு வீடாப் போயி, பையை எல்லாம் எடுத்துருங்கன்னு சொல்லிடறேன்.”

“நாளைக்குச் சொல்லி என்ன மாமா? சாப்பாடு இன்னிக்குத்தானே?”

“ஒரு நேரம் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது.”

“ஆகாதுன்னு நமக்கு எப்படித் தெரியும்?”

முகைதீன் பிச்சை அவளைப் பார்த்தார். அந்தக் கண்ணில் கோபமில்லை. கோபமாக இருந்தால் லுப்னா சமாளித்திருப்பாள்.

“ஆம்பளையும் பொம்பளையும் ஒண்ணா உட்கார்ந்து மண்ணு பிசையற இடத்துக்கு மருமக போகக் கூடாதுன்னு உன் மாமி கதவை அடைச்சப்ப, யாரு உனக்காக நின்னது? உன் புருஷனா?”

“நீங்கதான் மாமா.”

“அதை மறந்துடாதே. வேற ஒண்ணும் நான் கேக்கலை.”

அவர் கீழே இறங்கிப் போய்விட்டார். இந்த வீட்டில் லுப்னாவுக்குத் திறந்திருந்த ஒரே கதவு அவர்தான். அந்தக் கதவையே சாத்திவிட்டுப் போய்விட்டார். அதட்டியிருந்தால் மீறலாம். நன்றியைக் கேட்டால் எப்படி மீறுவது?

போனை எடுத்து அம்பிளியின் எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியதும் துண்டித்துவிட்டாள். அம்பிளி கேட்கப் போகும் முதல் கேள்வியே ‘மண்ணில் என்ன கலந்திருந்தது, யார் சொன்னார்கள்?’ என்பதுதான். சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்களே, அதுதான் அவள் நிலைமை.

புருஷனைக் கூப்பிட்டாள். ஃபவாஸுக்குக் களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. பின்னால் மிஷின் இரைந்தது. லுப்னா விஷயத்தைக் கொட்டினாள்.

“அத்தா என்ன சொன்னாரு?”

“நாளைக்குச் சொல்லலாம்ங்கறாரு.”

“பின்னே என்ன? அவரு சொல்றதைக் கேளு.”

“நம்ம ஷெமீனாவும் சாப்பிடப் போறா!”

“அவளை மட்டும் எப்படியாச்சும் தடுத்துரு. ஊருக்காக நீ எதுக்கு அத்தாவை நாலு பேர் முன்னாடி குனிய வைக்கணும்? இப்பத்தான் அந்த மனுஷன் சிரிக்கிறாரு. டூட்டி நேரம் லுப்னா, வைக்கிறேன்.”

வைத்தும் விட்டான். ஊருக்கு ஒரு நியாயம், தங்கைக்கு ஒரு நியாயம். ஆனாலும் அவன் சொன்னதில் ஒன்று மட்டும் அவளைக் குத்தி எழுப்பியது. ஷெமீனா எங்கே?

கீழே சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயும் கடுகும் வெடிக்கும் வாசனை வந்தது.

லுப்னா படியில் விழாத குறையாக ஓடி இறங்கினாள்.

மாமி பீவி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஹாலுக்குக் கொண்டுபோக வேண்டிய கீரைத் தோரனை இறக்கி வைத்தாயிற்று. சிவப்பாக, தேங்காய்ப் பூ தூவி, பார்த்தாலே நாக்கு ஊறும். பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் ஷெமீனா சம்மணம் போட முடியாமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு, தட்டில் சூடாகச் சோறு.

“மாமி, இப்பவேயா? எல்லாரும் ஒண்ணா ஹால்ல...”

“வயித்துப் புள்ளைக்காரி ஊரு கண்ணு முன்னாடியா சாப்பிடுவா?” பீவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “முதல் பறிப்பு என் மகளுக்கு. அவ வாயில போட்டுட்டுத்தான் ஹாலுக்கு.”

“இந்தக் கீரை ரொம்பத் துவர்க்கும் மாமி. வேற ஏதாவது...”

“நீ வளர்த்த கீரையை நீயே குறை சொல்றியா?” பீவி அகப்பை நிறைய அள்ளினாள்.

ஷெமீனா சிரித்தாள். “தாங்கம்மா. மைனி ரெண்டு மாசமா இலை எண்ணிக்கிட்டே இருந்துச்சு, ஒரு இலை தரல.”

அகப்பை தட்டுக்கு மேலே வந்தது. லுப்னாவுக்கு யோசிக்க நேரமில்லை. குறுக்கே பாய்ந்தாள். தண்ணீர்க் குடத்தை எடுக்கப் போகிறவள் மாதிரி போய், தோளால் மாமியை இடித்து, முழங்கையால் சட்டியையும் தட்டிவிட்டாள். சட்டி உருண்டது. அகப்பை பறந்தது. தோரன் முழுவதும் தரையில்.



“தெரியாம பட்டுடுச்சு மாமி.”

“தெரியாமலா?” பீவி அவள் பக்கம் திரும்பினாள். “என் ரெண்டு கண்ணால பார்த்தேனே! தெரியாமலா?”

“அம்மா, விடுங்க,” என்றாள் ஷெமீனா.

“நீ சும்மா இரு. ஆறு வருஷமாச்சு இவளுக்கு. ஒண்ணும் தங்கலை. நான் ஒரு நாள் ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா? ஆனா என் மக வயித்துக்குப் போற சோத்தைத் தட்டி விடுறாளே! இது வயித்தெரிச்சல் இல்லாம வேற என்ன?”

இந்த வார்த்தையை லுப்னா ஆறு வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். என்றைக்காவது வரும் என்று தெரியும். இன்றைக்கு, இதற்காக வரும் என்று நினைக்கவில்லை. ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ‘மாமி, அது விஷம்.’ அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியத்தின் அடுத்த முனையில் மாமா நின்றார்.

நிஜமாகவே நின்றார். வாசற்படியில், வெள்ளைச் சட்டையோடு. சத்தம் கேட்டு வந்திருந்தார். தரையில் கிடந்த கீரையைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். அவள் ஏன் தட்டிவிட்டாள் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்.

அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று லுப்னா காத்திருந்தாள்.

“துடைச்சு விடு மோளே,” என்றார் முகைதீன் பிச்சை. “நேரமாச்சு.”

லுப்னா துணியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கீரையின் சிவப்பு சிமெண்டில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. அழுகையை அடக்கிக்கொண்டு தேய்த்தாள்.

“இவ ஹாலுக்கு வர வேண்டாம்,” என்றாள் பீவி.

“லீடர் இல்லாம எப்படி? வரட்டும். என் பக்கத்துலயே இருப்பா,” என்றார் மாமனார்.

கேட்பதற்கு அன்பாகத்தான் இருந்தது. பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் வாய் திறக்க மாட்டாள் என்ற கணக்கு அதில் இருந்தது என்பது லுப்னாவுக்குப் புரிந்தது. அவர் அப்படிக் கணக்குப் போடுகிற ஆளே இல்லை. பயம் மனுஷனை என்னவெல்லாம் செய்துவிடுகிறது!

ஹாலில் கால் வைக்க இடமில்லை. நீள மேஜையில் வீட்டுக்கு ஒரு பாத்திரம். தோரன், கீரைப் பருப்பு, கீரை வடை. பட்டறைக்கு ஒரு நாளும் வராத ஆண்களெல்லாம் சாப்பாட்டுக்குத் தவறாமல் வந்திருந்தார்கள். குழந்தைகள் தட்டோடு முன்னால் முண்டிக்கொண்டு நின்றன. ஷெமீனா அம்மாவின் பக்கத்தில், துப்பட்டாவால் வயிற்றை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னலில் மழை அடித்ததால் கதவுகளைச் சாத்திவிட்டார்கள். உள்ளே ஒரே புழுக்கம்.

முனியாயி அக்கா ஓடிவந்து லுப்னாவின் கையைப் பிடித்தாள். “வடையில முந்திரி எல்லாம் போட்டிருக்கேன். நீதான் முதல்ல தின்னுட்டுச் சொல்லணும், ஆமா.”

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் லுப்னா சிரித்தாள்.

வாயனசாலைச் செயலாளர் பாண்டியராஜன் மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். இன்றைக்கு லுப்னாவுக்கு அதுவே பெரிய உபகாரமாக இருந்தது. அவர் பேசுகிற வரைக்கும் யாரும் சாப்பிட மாட்டார்கள். மிளகின் பெருமை, மண்ணின் பெருமை, மட்டாஞ்சேரியின் பெருமை எல்லாம் பேசி முடித்துப் பொன்னாடையை எடுத்தார்.

“நம்ம மண்ணு மாமாவுக்கு ஒரு கைதட்டு!”

ஹால் அதிர்ந்தது. முகைதீன் பிச்சை தலை குனிந்து வாங்கிக்கொண்டார். பார்த்தவர்கள் அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

“இனி நம்ம லீடர் லுப்னா, இலைக் கணக்கைச் சொல்லுவாங்க. சொல்லி முடிச்சதும் நேரா பந்திதான்!”

அம்பிளி முன்வரிசையிலிருந்து கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். லுப்னா மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். இலைக் கணக்கைச் சொன்னாள். எந்த வீட்டில் அதிகம், எந்த வீட்டில் வெயில் பற்றவில்லை, எல்லாம் சொன்னாள். குரல் தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்துபோனது.

இனி ஒரே ஒரு சொல்தான் பாக்கி. ‘சாப்பிடலாம்.’

பக்கவாட்டில் மாமா. எதிரே மாமி. காதுக்குள் ஃபவாஸின் குரல். முன்னால் தட்டோடு குழந்தைகள். முனியாயி அக்கா பொறுமையில்லாமல் ஒரு வடையை எடுத்து, பக்கத்தில் நின்ற குழந்தையின் கையில் கொடுத்துவிட்டாள். அது வாயைத் திறந்தது.

“தின்னாதே!”

மைக்கில் அலறினாள் லுப்னா. குழந்தை பயந்து வடையைக் கீழே போட்டது.

“யாரும் சாப்பிடாதீங்க. கீரையில ஒரு வாய்கூட யாரும் சாப்பிடாதீங்க. அந்த மண்ணுல பூச்சிமருந்துப் பொடி இருக்கு. பாண்டிகசாலையில வண்டுக்கு வருஷக்கணக்காத் தூவினது. புழுவை விட்டு மூணு தடவை பார்த்துட்டேன். அந்த மண்ணுக்குள்ள போன புழு செத்துப்போச்சு.”



அம்பிளி எழுந்தாள். “லுப்னா சொல்றது சரியா இருக்கும். லேபுல பார்க்காம இதுல யாரும் கை வைக்க வேண்டாம். மூடுங்க, எல்லாப் பாத்திரத்தையும் மூடுங்க.”

அவ்வளவுதான். பானை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நாலா பக்கமும் கிளம்பியது.

“ரெண்டு மாசமா எம் பேரன் அந்த மண்ணுலதான் கையை வச்சு விளையாடினான்!”

“அங்கேயே மேஸ்திரியா இருந்த ஆளுக்கு இது தெரியாதா?”

“தெரிஞ்சுதான் நம்ம தலையில கட்டினாரா?”

பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து மேடையைப் பார்த்துக் கை நீட்டினான். முகைதீன் பிச்சை நாற்காலியில் சுருங்கிப் போயிருந்தார். இன்னும் ஒரு நிமிஷம் போனால் அவரை மூலைக்கே திரும்ப அனுப்பிவிடுவார்கள். இந்தத் தடவை அவர் எழுந்திருக்க மாட்டார் என்று லுப்னாவுக்குத் தோன்றியது. அவளால் தாங்க முடியவில்லை. அவளுக்காக நின்ற மனுஷன் அல்லவா?

“மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது!” என்றாள். “மண்ணு வேணும்னு கேட்டது நான். இது நல்ல மண்ணுன்னு சொன்னது நான். எங்கெங்கே இறக்கணும்னு சொன்னதும் நான்தான். மாமா நான் சொன்ன இடத்துல கொண்டுவந்து போட்டாரு. அவ்வளவுதான்.”

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்று சும்மாவா சொன்னார்கள்!

கோபம் அத்தனையும் அவள் பக்கம் திரும்பியது. பீவி எல்லார் காதிலும் விழும்படி, “காலையில சோத்தைத் தட்டினா. இப்ப ஊரு சோத்தையே தட்டிட்டா,” என்றாள். உண்மையில் அது சரிதான். அவள் சொன்ன அர்த்தத்தில் இல்லை.

முகைதீன் பிச்சை எழுந்தார்.

லுப்னாவின் மனம் துள்ளியது. அவர் மைக்கை நோக்கித்தான் வருகிறார். சொல்லிவிடுவார். மாமா அப்படி விட்டுவிடுகிற ஆள் இல்லை. ‘இல்லப்பா, பொடி தூவினவன் நான்’ என்று ஒரு வார்த்தை. அவள் ஒதுங்கி வழி விட்டாள்.

அவர் மைக்கைப் பிடித்தார். தோளில் பொன்னாடை பளபளத்தது.

“என் மருமக சின்னப் பொண்ணு,” என்றார். “ஆர்வக் கோளாறுல செஞ்சுட்டா. என் முகத்தைப் பார்த்து நீங்க எல்லாரும் பொறுத்துக்கணும்.”

லுப்னா பொய்யைக் கொடுத்தது அவரைக் காப்பாற்ற. அவர் அதை வாங்கி, அவளையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். அதுவும் எவ்வளவு அன்பான குரலில்! ‘பாவம் பெரிய மனுஷன்’ என்று யாரோ உச்சுக் கொட்டினார்கள். அழுகைகூட வரவில்லை அவளுக்கு. இனி என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அம்பிளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள். “பழி எல்லாம் அப்புறம் பார்க்கலாம். எத்தனை வண்டி மண்ணு லுப்னா?”

லுப்னா பதில் சொல்வதற்குள் முனியாயி அக்கா முந்திக்கொண்டாள். “மூணு வண்டி. நான்தானே பார்த்துட்டிருந்தேன். நம்ம சந்துல இறங்கினது ஒரு வண்டிதான்.”

“அப்ப மத்த ரெண்டு?”

“மாமா வண்டியைத் தள்ளிக்கிட்டே அந்தப் பக்கம் போனாரு. எங்கே போச்சோ, எனக்குத் தெரியாது.”

அம்பிளி லுப்னாவின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “அந்த இடத்துல உள்ளவங்க நம்ம பட்டறையில இல்லை. நம்மள மாதிரி பறிக்காமக் காத்திருக்க மாட்டாங்க. அதுல ஏதாவது நட்டிருந்தா, இத்தனை நாள் தினமும் பறிச்சுத் தின்னுட்டிருப்பாங்க. புரியுதா? எங்கே இறக்கச் சொன்னே?”

“ஆமா, நீதானே இப்ப மைக்குல சொன்னே,” என்றார் பாண்டியராஜன். “எங்கெங்கே இறக்கணும்னு நான்தான் சொன்னேன்னு.”

லுப்னா சட்டென்று மேடையைத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலி. பக்கவாட்டுக் கதவு திறந்து கிடந்தது, மழைச் சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

“சொல்லு லுப்னா. எங்கே?”

ஹால் முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. மற்ற இரண்டு வண்டி மண் எங்கே போனது என்று லுப்னாவுக்குத் தெரியாது.